ஏரி உண்டு, காடு இல்லை

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகனுக்குச் சமூக அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்து வசமாக மாட்டிக்கொண்டேன். பாடம் தூந்திரம், அதாவது வடதுருவத்தை ஒட்டிக் கிடக்கும் டன்ட்ரா நிலம். புத்தகத்தில் மொத்தமே அரைப் பக்கம்தான், அதிலும் பாதியை ஒரு வெள்ளைக் கரடி அடைத்துக்கொண்டிருந்தது. பையன் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"மாமா, அங்க மரமே கிடையாதாம். ஆனா ஏரி மட்டும் எக்கச்சக்கமா இருக்காம்."

"ஆமா."

"ஏரியும் காடும் சேர்ந்தா ஏற்காடு. வெறும் ஏரி மட்டும் இருந்தா?"

எனக்குப் பதில் வரவில்லை. கூடத்தில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "பாதி ஏற்காடுன்னு எழுதுடா, பாதி மார்க்காவது போடுவாங்க" என்றார்.

அதற்கு மேல் பாடம் ஓடவில்லை. சாயங்காலம் பையனைக் கூட்டிக்கொண்டு மூக்கனேரிக் கரைக்குப் போனேன். சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடை. மழைக்காலத்தில் சேர்வராயன் மலைத் தண்ணீர் இறங்கி நிறையும் ஏரி அது. மாசியில் தண்ணீர் உள்ளே வாங்கி, கரையோரம் ஒரு பட்டை சேறு தெரியும். அந்தச் சேற்றில் பிளாஸ்டிக் கவர்களுக்கு நடுவே பொடிப்பொடியாகச் சில ஓடிக்கொண்டிருந்தன. எலி என்றுதான் பையன் முதலில் நினைத்தான்.

கொசு உள்ளான். இந்தப் பெயரை எனக்குச் சொன்னவர் பைனாகுலரோடு ஏரி ஏரியாகச் சுற்றும் ஒரு நண்பர். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். முதுகு சேற்று நிறம், வயிறு வெள்ளை, கால் கறுப்பு. தையல் மெஷின் ஊசி மாதிரி மூக்கால் சேற்றைக் கடகடவென்று நாலு குத்து குத்தும், ரெண்டடி ஓடும், மறுபடியும் நாலு குத்து. ஒரு நிமிடம் சும்மா நின்று நான் பார்த்ததில்லை. எடை 25 கிராம் சுமார், அதாவது மூன்று பவுன். கல்யாணத்துக்குப் போடுகிற ஒரு சங்கிலியின் எடை. அதை வைத்துக்கொண்டு ரஷ்யாவின் வடக்கு ஓரத்திலிருந்து, தூந்திரத்திலிருந்து, இங்கே பறந்து வந்திருக்கிறது. நேர்கோட்டில் அளந்தாலே ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர். அது நேர்கோட்டிலும் வருவதில்லை.

"இதுவா? இது அங்கிருந்தா?" என்று பையன் கேட்டபோது அவன் முகத்தில் இருந்தது ஆச்சரியம் இல்லை, சந்தேகம். மாமா கதை விடுகிறார் என்று நினைத்திருப்பான்.

நான் படித்த காலத்துப் புத்தகத்திலும் தூந்திரத்துக்கு இதே அரைப் பக்கம்தான். குளிர், பனி, வெறுமை, முடிந்தது கதை. ரொம்ப வருஷம் நானும் அதை ஒரு காலி மனையாகத்தான் நினைத்திருந்தேன். அந்தப் பறவையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தச் சொல். ரஷ்யாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் கோலா தீபகற்பத்தில் சாமி என்ற பழங்குடி மக்கள் பேசும் மொழியிலிருந்து ரஷ்ய மொழிக்குப் போய் அங்கிருந்து உலகம் முழுக்கப் போன சொல் அது. மரமில்லாத மேட்டுநிலம் என்று பொருள். பனி, குளிர் என்று எதுவும் அதில் இல்லை. நம் ஊர்க்காரர் ஒருவர் பார்த்திருந்தால் மொட்டை மலை என்று வைத்திருப்பார். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிக்குப் போனவர்களுக்குத் தெரியும், மேலே ஏறினால் புல்லும் காற்றுமாகத் தட்டையாக விரிந்து கிடக்கும். ஆனால் அது தூந்திரம் ஆகாது. ஒரு இடத்தின் மிகச் சூடான மாதத்திலும் சராசரி வெப்பம் 10 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் அங்கே மரம் எழுந்து நிற்காது, தோராயமான கணக்கு இதுதான். ஏற்காட்டில் மார்கழி இரவில் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கினாலே நாமெல்லாம் மங்கி கேப்பைத் தேடுகிறோம். அங்கே கோடை மத்தியிலேயே அவ்வளவுதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் 1,600 மீட்டர் சேர்வராயன் மலை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தால், உச்சியில் நமக்கும் ஒரு துண்டுத் தூந்திரம் கிடைத்திருக்கும். அதற்கு ஏற்காட்டுப் பாதையின் கொண்டை ஊசி வளைவு இருபது போதாது.

இன்னொரு விஷயம், மழை. தூந்திரத்தில் பல இடங்களில் ஆண்டுக்கு மழையும் பனியும் சேர்த்தே 150 முதல் 250 மில்லிமீட்டர்தான். சேலத்தில் பெய்வதில் கால்வாசி. வறட்சி மாவட்டம் என்று அறிவித்திருக்க வேண்டிய இடம். ஆனால் கோடையில் எங்கு பார்த்தாலும் ஏரி, குட்டை, சதுப்பு. இது எப்படி என்று பையன் கேட்டான். இதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது, ஏனென்றால் நான் ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டுப் பிள்ளை.

அப்பா இருபத்தாறு வருஷம் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். உப்புத் தண்ணீர்த் தொட்டியை அம்மோனியா மெஷின் வைத்துக் குளிரூட்டி, அதில் தகர டின்களை வரிசையாக இறக்கி, பார் பாராக ஐஸ் எடுக்கும் இடம். லீவில் நான் அங்கேயே கிடப்பேன். வெளியூர் போகிற பாருக்கு மேல் மரத்தூளைக் கொட்டி, அதன்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி அனுப்புவார்கள். சித்திரை வெயிலிலும் அது சாயங்காலம் வரை தாங்கும். ஒருமுறை நானும் கம்பெனி வாட்ச்மேன் பையனும் விளையாட்டுக்கு ஒரு பாரின் மேலிருந்து கையகலம் மரத்தூளைச் சுரண்டிவிட்டோம். மத்தியானம் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் கிண்ணம் மாதிரி குழி விழுந்து, குழியில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் பட்ட ஐஸ் இன்னும் வேகமாகக் கரையும், குழி பெரிதாகிக்கொண்டே போனது. அப்பா கையில் அன்று வாங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

தூந்திரத்தின் தரை அந்த ஐஸ் பார்தான். புத்தகத்தில் நிரந்தர உறைபனி என்று எழுதியிருக்கிறார்கள், அது தப்பான படத்தை மனதில் போடுகிறது. பனி இல்லை அது, மண். மண்ணும் கல்லும் நீரும் சேர்ந்து கெட்டித்துப்போய், இரண்டு வருஷமாவது தொடர்ந்து உருகாமல் கிடந்தால் அதற்கு அந்தப் பெயர். சைபீரியாவில் சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே போகிறது. கோடையில் மேலே முழங்கால் அளவோ இடுப்பளவோதான் இளகும். பெய்த கொஞ்ச மழைக்கும் உருகிய பனிக்கும் கீழே இறங்க வழி கிடையாது, குளிரில் ஆவியாகவும் மாட்டேன் என்கிறது, அப்புறம் எங்கே போகும்? தேங்கும். மேலே வளர்ந்து கிடக்கும் பாசியும் மக்காத புல்லும்தான் மரத்தூளும் சாக்கும். கனமான வண்டி ஒன்று ஏறிப்போய் அந்தப் பாசியை உரித்துவிட்டால், தடத்தில் குழி விழுந்து நீர் தேங்கி, பத்து இருபது வருஷம் கழித்தும் தடம் அழியாமல் இருக்கும். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அதான் உனக்கு அன்னைக்கே விழுந்துச்சே" என்றார்.

தேங்கிய தண்ணீர் என்றால் கொசு. தூந்திரத்துக் கொசுவைப் பற்றிப் படித்துவிட்டு நான் கன்னங்குறிச்சிக் கொசுவை மன்னித்துவிட்டேன். கோடையில் கூட்டம் கூட்டமாக எழும்பி மான்களைத் துரத்தித் துரத்திக் கடிக்கும், மான்கள் மேய்ச்சலை விட்டுவிட்டுக் காற்றடிக்கும் மேட்டையும் உருகாத பனித்திட்டையும் தேடி ஓடும். ஆனால் அந்தக் கொசுவும், அதன் புழுவும், அதோடு சேரும் பூச்சிக்கூட்டமும்தான் நம் உள்ளானை அங்கே இழுக்கிறது. கொசு மாதிரி சின்னது என்று யாரோ பெயர் வைத்தார்கள். கொசுவுக்காக 7,000 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துப் பார்த்தாலும் பெயர் பொருந்துகிறது.

சேலத்துக்காரர்களுக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: சீசன். மே மாதம் கீழே தாங்க முடியாமல் நாம் மேலே ஏற்காட்டுக்குப் போகிறோம், ரெண்டு நாள் இருந்துவிட்டு இறங்குகிறோம். பறவைகளுக்குத் தூந்திரம் அப்படி ஒரு சீசன் இடம். ஜூனில் பனி விலகும், சூரியன் வாரக்கணக்கில் மறையவே மறையாது, செடிகளுக்கு வளர ஐம்பது அறுபது நாள்தான், அதற்குள் பூத்துக் காய்த்து முடிக்க வேண்டும். வில்லோ மரம்கூட அங்கே தரையோடு தரையாகப் படர்ந்து கணுக்கால் உயரத்தில் பூக்கிறது. பறவைகளும் அதே அவசரத்தில்தான். கொசு உள்ளான் தரையில் ஒரு குழி பறித்து நாலு முட்டை இடும். பல சமயம் ஒரு தொகுதி முட்டையை ஆணிடம் விட்டுவிட்டு, பெண் இன்னொரு தொகுதி இட்டுத் தானே அடைகாக்கும். மூன்று வாரத்தில் குஞ்சு. பொரிந்த அன்றே எழுந்து நடந்து தானே இரை பொறுக்கும், வாயில் ஊட்டுகிற வேலையே இல்லை. பெரியவை ஜூலையிலேயே தெற்கே கிளம்பிவிடும். குஞ்சுகள் இறக்கை தேறியதும் பின்னால் வரும், வழிகாட்ட யாரும் இல்லாமல். மூன்று மாதக் குஞ்சு, பார்த்தே இராத ஒரு நாட்டின் சேற்றைத் தேடி வருகிறது. பையனை வீட்டிலிருந்து பள்ளிக்குத் தனியாக அனுப்ப அக்கா இன்னும் யோசிக்கிறாள்.

ஒவ்வொரு வருஷமும் குளிர்காலத்தில் செய்தித்தாளில் 'வெளிநாட்டு விருந்தாளிகள் வருகை' என்று போடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வந்து ஏப்ரல் வரை இங்கே, வழியில் கொஞ்சம் போக, அங்கே ரெண்டு மாதம். பிரசவத்துக்குத் தாய்வீடு போய் வருகிற பெண்ணை அவள் புகுந்த வீட்டில் விருந்தாளி என்றா சொல்வோம்?

சரி, அங்கே என்ன நடக்கிறது என்பது இங்கே நாம் பார்க்கும் எண்ணிக்கையில் தெரியும் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எல்லாம் ஒரு எலியில் இருந்து தொடங்குகிறது. லெம்மிங் என்று ஒரு கொழுத்த குட்டைவால் எலி. குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியிலேயே சுரங்கம் போட்டுப் பாசி தின்று, அங்கேயே குட்டியும் போடும். மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை கண்டபடி பெருகும், அப்புறம் சட்டென்று இல்லாமல் போகும். கூட்டமாகப் போய்க் கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்று நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், சுத்தப் பொய். 1958-இல் வந்த ஒரு ஆவணப்படத்துக்காகப் பிடித்து வந்த எலிகளை மேட்டிலிருந்து தள்ளிவிட்டுப் படம் எடுத்தார்கள். எலி பெருகின வருஷத்தில் பனி ஆந்தை பத்து முட்டை வரைகூட இடும், எலி இல்லாத வருஷத்தில் முட்டையே இடாது. துருவ நரிக்கும் எலி இருந்தால் கொண்டாட்டம், வேறு பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. எலி இல்லாத வருஷம் வந்ததா, நரி அவ்வளவும் முட்டைக்கும் குஞ்சுக்கும் திரும்பும். ரஷ்யாவின் தைமிர் தீபகற்பத்தில் அப்படி ஒரு பஞ்சம் வந்தால், அந்தக் குளிர்காலம் ஐரோப்பாவுக்கு வரும் வாத்துக் கூட்டத்திலும், தென்னாப்பிரிக்கா வரை போகும் வளைந்த மூக்கு உள்ளான்களிலும் இளசுகள் அரிதாகிவிடும். இங்கிருந்து எண்ணியே அங்கே எலி உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். அதே வளைமூக்கு உள்ளான்தான் நம் கோடியக்கரைக்கும் வருகிறது. வேதாரண்யத்து உப்பளத்துச் சேற்றில் இந்த வருஷம் எத்தனை குஞ்சு என்பதை ஏதோ ஒரு எலி முடிவு செய்திருக்கிறது.

அந்த நரியையும் லேசாக நினைத்துவிடக் கூடாது. நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவில், இருக்கும் இடத்தைக் காட்டும் காலர் மாட்டியிருந்த ஒரு இளம் பெண் நரி, 2018-இல் கடல் உறைந்த ஐஸ் மேலேயே நடந்து கிரீன்லாந்து தாண்டிக் கனடாவுக்குப் போய்விட்டது. 76 நாளில் 3,506 கிலோமீட்டர், ஒரே நாளில் 155 கிலோமீட்டர்கூட ஓடியிருக்கிறது. கருவி கெட்டுவிட்டதோ, நரி யாருடைய படகிலாவது ஏறிவிட்டதோ என்று ஆராய்ச்சியாளர்களே சந்தேகப்பட்டார்கள். இதன் வளைகளைப் பற்றியும் ஒன்று படித்தேன். தலைமுறை தலைமுறையாக ஒரே வளையில் நரிகள் குடியிருக்கும், எச்சமும் எலும்பும் சேர்ந்து சேர்ந்து எருவாகி, சுற்றிலும் பழுப்பாகக் கிடக்கிற நிலத்தில் அந்த இடம் மட்டும் பச்சைத் திட்டாகத் தூரத்திலேயே தெரியுமாம். எங்கள் பாட்டி வீட்டுக் குப்பைமேட்டில் பூசணி காய்த்துத் தள்ளியது நினைவுக்கு வந்தது.

பையனுக்குப் பிடித்தது என்னவோ மான்தான். பாடப்புத்தகம் கலைமான் என்கிறது, நமக்கு அந்தச் சொல் வேறு மானைக் காட்டுவதால் நான் துருவ மான் என்றே சொன்னேன். மான் இனத்தில் இதில் மட்டும்தான் பெட்டைக்கும் கொம்பு உண்டு. கிடா இணைசேர்ந்து முடிந்ததும் கொம்பை உதிர்த்துவிடும், சினையாக இருக்கும் பெட்டை பனிக்காலம் முழுக்க வைத்துக்கொண்டு, பனியைத் தோண்டிக் கண்டுபிடித்த மேய்ச்சலைக் கிடாவிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளும். நடக்கும்போது காலுக்குள் ஒரு நரம்பு எலும்பின் மேல் வழுக்கி டிக் டிக் என்று சத்தம் போடும், மந்தை போனால் அத்தனை காலும் சேர்ந்து ஒலிக்கும். வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியுமா? கண்ணின் உள்பக்கம் கோடையில் பொன்னிறமாகவும், மாதக்கணக்கில் இருட்டாக இருக்கும் குளிர்காலத்தில் நீலமாகவும் மாறுகிறது, கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்க. கஸ்தூரி எருதைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. ஓநாய் வந்தால் குட்டிகளை நடுவில் விட்டுக் கொம்பை வெளியே காட்டி வட்டம் கட்டும், துப்பாக்கிக்காரர்களுக்கு அந்த வட்டமே வசதியாகப் போனது, அவ்வளவு போதும்.

இந்த ஐஸ் பாரின் மரத்தூள் இப்போது உரிந்துகொண்டிருக்கிறது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைவிட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று 2022-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். உறைந்த மண்ணுக்குள் மக்காமல் கிடக்கும் கார்பன், நம் காற்றில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஐஸில் போட்ட மீன் மூன்று நாள் தாங்கும் என்பது அப்பா கணக்கு. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2007-இல் மான் மேய்க்கும் நெனெத்ஸ் பழங்குடிக்காரர் ஒருவர் ஆற்றங்கரையில் கண்டெடுத்த மாமூத் யானைக்குட்டி சுமார் 42,000 வருஷம் தாங்கியிருக்கிறது, வயிற்றில் தாய்ப்பாலோடு. அதே யமாலில் 2013 நவம்பரில் பனி பெய்ய வேண்டிய நேரத்தில் மழை பெய்தது. அது பனியின் மேல் விழுந்து உறைந்து கண்ணாடி மாதிரி மூடிக்கொள்ள, அடியில் இருந்த பாசியை மான்களால் குளம்பால் உடைத்து எடுக்க முடியவில்லை. 61,000 மான்கள் பட்டினியில் செத்தன. மழையால் பட்டினி என்பதை அப்பாவுக்குப் புரியவைக்கத் தேவையே இருக்கவில்லை, "மேல தண்ணி ஊத்தி உறைய வச்சா வெறும் கையால எடுக்க முடியாது, கடப்பாரை வேணும்" என்றார்.

உள்ளானுக்கு வரும் தொந்தரவு வேறு மாதிரி. பனி முன்னாலேயே உருகினால் பூச்சி முன்னாலேயே எழும்பிவிடும், குஞ்சு பொரியும்போது பந்தி முடிந்திருக்கும். தைமிரில் பொரிக்கும் இதன் பெரிய சொந்தக்காரன் ஒன்று இப்படி அரைவயிறாக வளர்ந்து மூக்கு குட்டையாகி, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மணலுக்குள் ஆழத்தில் இருக்கும் சிப்பியை எட்ட முடியாமல் போவதை 2016-இல் எழுதினார்கள். அங்கே ஒரு மாதம் சரியாகச் சாப்பிடாததற்கு இங்கே ஆயுசு முழுக்கப் பசி.

பங்குனி வரைக்கும் நானும் பையனும் வாரம் ஒருமுறை ஏரிக்குப் போனோம், கடைசி ரெண்டு வாரம் அப்பாவும் வந்து கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தார். சேற்று நிறமாக இருந்த முதுகில் செம்பு நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. கல்யாணத்துக்குப் புதுத்துணி எடுத்த மாதிரி. ஒரு ஞாயிறு பையன் எண்ணியபோது முப்பத்தெட்டு. அடுத்த ஞாயிறு ஒன்றுகூட இல்லை, ஒரு நாரை மட்டும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

"சீசனுக்குக் கிளம்பிட்டாங்க" என்றார் அப்பா.

நாங்கள் கிளம்பியது மே மாதம் இரண்டாவது ஞாயிறு. மேலே மலர்க் கண்காட்சி நாள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அடிவாரத்திலேயே வண்டி ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டது. பையன் காரைவிட்டு இறங்கித் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு வந்து, "மாமா, அது இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்குமா?" என்று கேட்டான். முதல் வளைவுகூட இன்னும் வரவில்லை.